மான் வேட்டைத் துப்பாக்கியும் தோட்டாவும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழாராய்ச்சி இதழொன்றில் வேட்டைத் துப்பாக்கியைப் பற்றிய கட்டுரைக்கு இடம் யாது என வினவுவார் உளராகலாம். சில ஆண்டுகட்கு முன்னர், முதுகலை மாணவர் ஒருவர், சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் தம் இலங்கை வேட்டை வாழ்வைக் குறித்து எழுதிய நூலிற் சில பகுதிகளைத் தமிழாக்கி என்பாற் கொணர்ந்தார். நடை செம்மையாகவே இருந்தது. ஆயின், 'எல்க்' என நூலாசிரியர் குறித்த விலங்கைக் 'குளிர்நாட்டுக் கொம்புமான்' என்று அவர் எழுதியிருந்தார். ரைபிள், இரவைத் துப்பாக்கி என்னும் இரண்டும் 'துப்பாக்கி' என ஒன்றாகிவிட்டன. இரவை, குண்டு, தோட்டா என்னும் மூன்றும் 'குண்டு' என்பதனுள் அடங்கிவிட்டன. பிழைகளைச் சுட்டிய என்னை அவர் திரும்ப ஒரு வினா வினவினார்: "ஐயா, யானையை வீழ்த்தும் ரைபிள்கள் இவரிடம் இருந்தன. அவ்வாறிருக்க, மலையில் மானைக் கொல்ல நாய்களையும் கத்தியையும் கொண்டு சென்றது ஏன்?" அன்று என்னால் விடையிறுக்க இயலவில்லை. அவ்வினாவின் வழியே சென்று கண்டவற்றை இக்கட்டுரை கூறும்.

முதலில் விலங்கு யாதென்று தெளிதல் வேண்டும். இலங்கையிலிருந்த ஆங்கிலேயர் 'எல்க்' என்றது அந்நாட்டுத் தமிழர் 'மரை' என வழங்கும் விலங்கையே. தமிழகத்தில் அது கடமான் எனவும், நெல்லை குமரி மாவட்டங்களில் மிளா எனவும் பெயர் பெறும். மரை, கடமா என்னும் இரு சொற்களும் சங்கச் செய்யுட்களில் உள்ளன. அங்கு மரை என்றது எவ்விலங்கை என்பதில் அறிஞர் ஒருமித்திலர். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டுவதன்று. வேண்டுவது இதுவே: புள்ளிமான் ஆண் ஏறக்குறைய 70 முதல் 90 கிலோ நிறையுடையது; கடமான் ஆணோ 200 கிலோவை எளிதிற் கடக்கும். ஸ்காத்லாந்து மலைச் செம்மான் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. ஐரோப்பியக் காடுகளில் வாழும் ரோ என்னும் சிறுமான் 25 கிலோ அளவிலேயே நின்றுவிடும். 'மான் வேட்டைக்கு எத்துப்பாக்கி ஏற்றது?' என்னும் வினா, 'எம்மான்? எத்துணைத் தொலைவில்? எத்தகைய காட்டில்?' என்னும் மூன்று வினாக்களை உட்கொண்டது என்க.

பேக்கர் 1848 ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறி, 1855 இல் அங்கிருந்து நீங்கினார். அம்மலைக்காடு பத்தடித் தொலைவிற்கு அப்பால் எதனையும் காணவொட்டாத அடர்த்தியுடையது. கண்ணுக்குப் புலப்படாத விலங்கை நோக்கி ரைபிளை நீட்டிப் பயன் யாது? ஆகலின் நாய்கள் மரையை ஓட்டி ஓடையில் நிறுத்த, அவர் கால்நடையாகப் பின்தொடர்ந்து கத்தியாற் கொன்றார். தாழ்நிலத்துப் புல்வெளிகளிலோ ரைபிளையே கையாண்டார். அக்கருவியை அவர் அறியாதவரல்லர். 1840 ஆம் ஆண்டிலேயே பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துப்பாக்கிக் கம்மியரைக் கொண்டு 21 பவுண்டு நிறையும் 36 அங்குலக் குழலும் உடைய ரைபிள் ஒன்றைச் செய்வித்தவர் அவர். அதன் உருண்டைக் குண்டு 3 அவுன்சு. ஒருமுறை கெட்டிக்கும் மருந்து 16 டிராம், அஃதாவது ஓர் அவுன்சு. மாணவரின் முதல் வினாவிற்கு விடை இவ்வளவில் முடிந்தது. ஆயின் அவ்விடை மற்றொரு வினாவைத் தோற்றுவித்தது. புல்வெளியில் மானைச் சுடுவோர், அதற்குத் தகுதியான குண்டு இதுவென எவ்வாறு தேர்ந்தனர்?

கருமருந்துக் காலத்தில் தேர்வு பெரும்பாலும் ஈயத்தின் நிறையைப் பொறுத்ததாகவே இருந்தது. அம்மருந்தால் குண்டின் விரைவை ஓரெல்லைக்குமேற் கூட்டுதல் அரிது. ஆகவே வலிமை வேண்டுவோர் குண்டையே பெரிதாக்கினர். மத்திய இந்தியக் காடுகளை நன்கறிந்த ஜேம்சு பார்சைத் 1863 ஆம் ஆண்டில் ரைபிளையும் அதன் குண்டுகளையும் பற்றித் தனிநூல் ஒன்று வெளியிட்டார். பெருவாய்க் குழலும் உருண்டைக் குண்டும் இந்நாட்டு வேட்டைக்குச் சிறந்தன என்பது அவர் துணிபு. கனத்த உருண்டை அருகிலுள்ள விலங்கை வீழ்த்தும் என்பது உண்மையே. தொலைவு மிகுந்தாலோ அது விரைவாகத் தாழ்ந்துவிடும். தொலைவைச் சற்றே தவறாக மதித்தவன் மானின் மார்பைக் குறிவைத்து அதன் காலை முறித்துவிடுவான்.

இக்குறையைத் தீர்க்கும் முயற்சி ஸ்காத்லாந்து மலைச்சரிவுகளில் மானைத் தொலைவிலிருந்தே சுட்டவர்க்கெனத் தொடங்கியது. 1856 ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்துப் பர்டி என்பார், சிறிய குண்டும் மிகுந்த மருந்தும் கொண்ட ரைபிளைச் செய்து, அந்நாளில் வியப்புக்குரியதாயிருந்த விரைவுத் தொடர்வண்டியின் பெயரை அதற்குச் சூட்டினார். 'எக்ஸ்பிரஸ் ரைபிள்' என்னும் வழக்கு இவ்வாறு தோன்றியது. பின்னர், மருந்தும் குண்டும் ஒருங்கே பித்தளைக் கூட்டினுள் அடங்கிய தோட்டா வந்தபோது, .450 அங்குல எக்ஸ்பிரஸ் மான் வேட்டையாளர்க்கு உரிய கருவியாகப் பரவியது. (தோட்டா என்னும் சொல் நமக்கு இந்துஸ்தானி வழி வந்தது, துப்பாக்கியும் இலங்கைத் தமிழர் வழங்கும் துவக்கும் துருக்கி மொழியிலிருந்து வந்தவை. ஆயின் துப்பாக்கியில் அடித்தெறியும் உறுப்பிற்குக் குதிரை எனவும், வெடிபொடிக்கு மருந்து எனவும், சிறுகுண்டிற்கு இரவை எனவும் நம் மக்களே பெயரிட்டுக்கொண்டனர். கருவியைப் பிறரிடம் பெற்றவர் அதன் உறுப்புகட்குத் தம் சொல்லையே இட்டது நோக்கற்பாலது.)

எக்ஸ்பிரஸ் குண்டின் விரைவினும் அதன் முனையே முதன்மையானது. முனையிற் குடைந்து, அக்குடைவைச் சிறு செப்புக் குழலால் மூடியிருந்தனர். விலங்கின் உடலிற் பட்டவுடன் குண்டு மலர்ந்து விரியும். 270 கிரெயின் நிறையுள்ள அத்தகைய குண்டு செம்மானை நின்ற இடத்திலேயே வீழ்த்தியது. கிரெயின் என்பது வாற்கோதுமை மணியொன்றின் நிறையிலிருந்து தோன்றிய அளவு. நம் பொற்கொல்லரின் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய 2 கிரெயினுக்கு நிகர். ஆகவே அக்குண்டு 135 குன்றிமணி எனக் கொள்ளலாம். அதே குண்டைத் தடித்த தோளையுடைய கடமான் மீது செலுத்தினால், அது தோலுக்கடியிலேயே சிதறி, பெரும்புண்ணை உண்டாக்கி, உயிர்நிலையை எட்டாது நின்றுவிடுதல் உண்டு. முதுமையிற் பேக்கர் 1890 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றிற் குடைமுனைக் குண்டைக் கடுமையாக மறுத்து, தூய ஈயத்தாலான குடைவற்ற குண்டையே போற்றினார். அது காளான்போல் விரிந்து, சிதறாமல், மறுபுறத் தோலடியிற் சென்று தங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. குண்டு உடலினுள்ளே தங்குதல் நன்றென்னும் அவர் கருத்தில் எனக்கு ஐயம் உண்டு. குண்டு மறுபுறம் வெளியேறினால் குருதி நிலத்தில் வீழும். புண்பட்ட மானைத் தேடுவோர்க்கு அக்குருதியே தடம். ஆயினும், மலரவும் வேண்டும் சிதறவும் கூடாது என்னும் அவர் கோட்பாட்டை இன்றுவரை யாரும் கடந்திலர்.

1884 ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலார் பால் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டார். 1886 இல் பிரெஞ்சுப் படை அம்மருந்துக்கெனச் செய்த லெபெல் துப்பாக்கியை மேற்கொண்டது. இதன்பின் ரைபிளின் வாய் சிறுத்தது. குண்டின் விரைவு பெருகியது. அவ்விரைவில் வெறும் ஈயம் குழலின் புரிகளைப் பற்றாது வழுக்கி உரிந்துபோகும். எனவே கடிய உலோக உறையினுள் ஈயத்தைப் பொதிந்தனர். அங்ஙனம் முழுதும் உறையிட்ட குண்டு ஊசிபோல் உடலைத் துளைத்து அப்பாற் சென்றது. மானின் நுரையீரலில் அத்தகைய துளை பட்டாலும் அது நெடுந்தொலைவு ஓடிப் புதரில் மறைந்து மெல்ல இறத்தல் கூடும். இதனால் வேட்டைக் குண்டு செய்தவர், முனையில் மட்டும் உறையை நீக்கி ஈயம் தோன்றவிட்டனர். இதுவே மென்முனைக் குண்டு.

மான் வேட்டையின் வரலாறும் மாந்தர் போரின் வரலாறும் இவ்விடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன. 1895 ஆம் ஆண்டுச் சித்ரால் போரில் .303 உறைக்குண்டு எதிரிகளைத் துளைத்தும் தடுத்து நிறுத்தவில்லை என ஆங்கிலப் படையினர் குறைகூறினர். அதற்கு மாற்றாக, கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் முனையுறை நீக்கிய குண்டு ஆக்கப்பட்டது. வேட்டையாளர் மானுக்குச் செய்துகொண்டதையே படையினர் மனிதர்க்குச் செய்தனர். 1898 ஆம் ஆண்டில் ஜெர்மன் அறுவை மருத்துவர் பால் பான் புருன்ஸ், டூபிங்கன் நகரில் ஆய்வுகள் நிகழ்த்தி, இத்தகைய குண்டு விளைக்கும் கொடும்புண்ணை உலகிற்கு அறிவித்தார். ஆயின் அவர் சோதித்தது டம்டம் குண்டன்று. ஈயமுனை மிகுதியாக வெளித்தோன்றும் மௌசர் வேட்டைக் குண்டே அது. அபர்தீன் நகர மருத்துவர் அலெக்சாந்தர் ஆக்ஸ்டன் அதனைச் சுட்டி மறுப்பெழுதினார். மறுப்பு எடுபடவில்லை. 1899 ஆம் ஆண்டில் ஹேக் நகரிற் கூடிய நாடுகள், உடலில் விரியும் குண்டைப் போரிற் பயன்படுத்தலாகாது என அறிவித்தன. இங்கிலாந்து முதலில் உடன்படாது நின்று, 1907 இலேயே அதனை ஏற்றது.

அவ்விங்கிலாந்தே 1963 ஆம் ஆண்டில் மான்களைப் பற்றிய சட்டமொன்றை இயற்றியது. மானைச் சுடும் ரைபிளின் குண்டு மென்முனையோ குடைமுனையோ உடையதாக இருத்தல் வேண்டும் என அச்சட்டம் விதித்தது. போர் வீரன்மீது செலுத்துதல் குற்றமெனப்பட்ட குண்டை மான்மீது செலுத்தாமையே குற்றமாயிற்று. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது மனிதன் தன் இனத்திற்கு ஓர் அறமும் விலங்கிற்கு ஓர் அறமும் வகுத்த ஓரவஞ்சனையாகத் தோன்றும். யானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். இரண்டு விதிகளையும் மீண்டும் மீண்டும் ஒப்புநோக்கியபின் அவ்வெண்ணத்தைக் கைவிட்டேன். போரில் எதிரியைச் செயலற்றவனாக்குதலே போதும். புண்பட்டவனை எடுத்துச்செல்லத் தோழரும், மருந்திட மருத்துவரும் உளர். ஆகவே புண் சிறிதாதலே அங்கு இரக்கம். புண்பட்ட மானுக்கோ மருத்துவர் இல்லை; அது பிழைப்பினும் முடமாகும், பிழையாதெனினும் நாட்கணக்கில் வருந்தும். ஆகவே இறப்பு உடனே நிகழ்தலே இங்கு இரக்கம். குண்டு ஒன்றாயினும், அதனை மதிப்பிடும் அளவை வேறுபட்டது. 'மானுக்கு ஏற்ற தோட்டா' என்பதன் பொருள் வலிமை மிக்க தோட்டா என்பதன்று. புண்பட்ட மானைக் காட்டினுள் ஓடவிடாத தோட்டா என்பதே அதன் பொருள். வேட்டை இலக்கியத்தைத் தமிழாக்குவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

சட்டம் முனையோடு நில்லாது எண்களையும் வகுத்தது. 1963 ஆம் ஆண்டுச் சட்டப்படி ரைபிளின் வாய் .240 அங்குலத்திற்குக் குறைதல் கூடாது. குழல்வாயில் குண்டின் ஆற்றல் 1,700 அடி-பவுண்டிற்குக் குறைதல் கூடாது. ஸ்காத்லாந்து 1985 ஆம் ஆண்டு ஆணையால் மேலும் நுணுகியது: குண்டு 100 கிரெயினுக்கும், விரைவு வினாடிக்கு 2,450 அடிக்கும், ஆற்றல் 1,750 அடி-பவுண்டிற்கும் குறைதல் ஆகாது. ரோ மானுக்கு மட்டும் 50 கிரெயினும் 1,000 அடி-பவுண்டும் போதும். உடலின் அளவு வேறுபட, விதியும் வேறுபட்டது.

எண் ஒன்றினாலேயே தகுதியை அளத்தல் எத்துணை இடருடையது என்பதற்கு அமெரிக்க நாட்டின் சான்று ஒன்று தருவேன். ஜான் பிரௌனிங் என்னும் கலைவல்லார் வகுத்த வின்செஸ்டர் 1894 ரைபிளுக்கென, 1895 ஆம் ஆண்டில் .30-30 என்னும் தோட்டா வந்தது. அமெரிக்காவில் வேட்டைக்கென்றே புகையில்லா மருந்துடன் வந்த முதற் சிறுவாய்த் தோட்டாக்களுள் இஃதொன்று. 160 கிரெயின் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 1,970 அடி விரைவிற் சென்றது. இவ்வெண்களைக் கொண்டு கணக்கிட்டால் அதன் ஆற்றல் 1,380 அடி-பவுண்டு அளவேயாகும். இங்கிலாந்துச் சட்டத்தின்முன் அது தோற்கும். ஆயினும் அந்நாட்டு வெண்வால் மானை மிகுதியாக வீழ்த்திய தோட்டா எதுவெனின், பலரும் முதலிற் கூறுவது இதனையே. அவ்வகை ரைபிள் 70 இலட்சத்திற்கும் மேல் செய்யப்பட்டது. இம்முரண்பாட்டிற்குக் காரணம் காடே. கிழக்கு அமெரிக்கக் காடுகளில் மான் பெரும்பாலும் 100 கசத்திற்குள்ளேயே தோன்றும். அத்தொலைவிற்குள் அக்குண்டின் ஆற்றல் பெரிதும் குறைவதில்லை. ரைபிளும் குறுகியது, இலேசானது, புதரிடையே விரைந்து தோளில் ஏறுவது. சட்டம் குழல்வாயிலுள்ள ஆற்றலை அளக்கிறது. மானோ தன்னிடம் வந்து சேரும் ஆற்றலையே அறியும்.

மேற்கு அமெரிக்காவின் திறந்த மலைகளில் நிலைமை மாறியது. அங்கு 1925 இல் வந்த .270 வின்செஸ்டர், 130 கிரெயின் குண்டை வினாடிக்கு 3,100 அடிக்கு மேற்பட்ட விரைவிற் செலுத்தியது. படைத்துறைக்கென 1906 இல் ஏற்பட்ட .30-06 தோட்டாவின் கூட்டை வாயிற் குறுக்கியே அதனை ஆக்கினர். 1955 ஆம் ஆண்டின் .243 வின்செஸ்டரும் அவ்வாறே .308 கூட்டிலிருந்து பிறந்தது. தோளில் மெல்ல உதைக்கும் தோட்டா அது. உதைக்கு அஞ்சிக் கண்ணிமைப்பவன் மார்பைத் தவறவிட்டு வயிற்றிற் சுடுவான் என்பதை நோக்க, அம்மென்மையும் ஒரு தகுதியே. மேற்சொன்ன சட்ட எல்லைகளை அது சற்றே கடந்து நிற்பதால், பிரித்தானியாவிற் செம்மானுக்கும் ரோ மானுக்கும் ஒருசேரப் பயன்படும் தோட்டாவாகப் பரவிற்று. கடமானுக்கு அது சிறிதென்பதே என் கருத்து.

இனி நம் நாட்டிற்கு வருவோம். நீலகிரியில் 1879 ஆம் ஆண்டில் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் சட்டம் ஏற்பட்டது. வேட்டை விலக்கப்படும் பருவத்தை அரசு வரையறுக்க அது வழிசெய்தது. அம்மலையின் நில அமைப்பு வேட்டையாளரை இருவகைக் கருவியை நாடச்செய்தது. சோலையினுள் (இச்சொல்லை ஆங்கிலேயர் அவ்வாறே எடுத்துக்கொண்டனர்) கடமான் சில கச தூரத்தில் வெளிப்படும். புல்வெளிச் சரிவிலோ முந்நூறு கசத்திற்கப்பால் நிற்கும். ஒரே நாளில் இரண்டும் நிகழும்.

ஆயின் இந்தியாவில் எத்தோட்டா கைக்கொள்ளத்தக்கது என்பதை முடிவுசெய்தது மானின் உடலன்று, அரசின் அச்சம். 20 ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவிற்குள் கொணர்தல் தடைசெய்யப்பட்டது. களவுபோன மார்டினி-ஹென்றிப் படைத்துப்பாக்கிகளுக்கு அக்குண்டு பயன்படும் என்பதே காரணம். இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்மியர் .465, .470 என அளவைச் சற்றே மாற்றிப் புதிய தோட்டாக்களைப் படைத்துக்கொண்டனர். படைக்குரிய .303 தனியார்க்கு விலக்கப்பட்டது. அதனால் ஆஸ்திரியப் படையின் மான்லிக்கர் தோட்டாவொன்று .315 எனப் பெயர் பூண்டு இந்நாட்டில் நிலைத்தது; பிற்காலத்தில் இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகளும் உரிமம் பெற்றோர்க்கென அவ்வளவு ரைபிளை ஆக்கின. பிரித்தானியாவில் 1963 இல் எழுந்த விதி 'இதற்குக் குறைதல் கூடாது' என மான்பொருட்டு வகுத்தது. இந்தியாவில் எழுந்த விதியோ 'இவ்வளவை வைத்திருத்தல் கூடாது' என ஆட்சிப்பொருட்டு வகுத்தது. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991 ஆம் ஆண்டு அதன் திருத்தமும் விளையாட்டு வேட்டைக்கே இடமின்றிச் செய்துவிட்டன. ஆகவே நமக்கு இவ்வாராய்ச்சி வரலாறு மட்டுமே. துப்பாக்கி வாங்குவார்க்கு வழிகாட்டியன்று.

பிறநாடுகளில் இத்தேர்வு இன்றும் மாறிக்கொண்டிருக்கிறது. சிதறிய ஈயத்துணுக்குகளை இறைச்சியோடு உண்ணும் பறவைகள் இறத்தலால், கலிபோர்னியா மாநிலம் 2019 முதல் வேட்டையில் ஈயக்குண்டை முற்றும் விலக்கியது. ஈயத்திற்கு மாற்றான செப்புக்குண்டு, அதே அளவிற்கு நிறை குறைந்தது. அதனால் ஸ்காத்லாந்து 2023 இல் தன் 100 கிரெயின் எல்லையை 80 ஆகத் தளர்த்தியது. நிறையையே பெரிதெனக் கொண்ட பார்சைத் இதனைக் கேட்டிருப்பின் நம்பியிருக்கமாட்டார்.

மாணவர் தம் மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டார். 'குளிர்நாட்டுக் கொம்புமான்' மரை ஆயிற்று. ரைபிளை ரைபிள் என்றே விட்டுவிடுமாறு கூறினேன். சுரிகுழல் துப்பாக்கி என்னும் ஆக்கத்தை ஒருமுறை அடைப்பினுட் காட்டினால் போதும். விரியும் குண்டிற்கு 'மலர்குண்டு' என அவர் இட்ட பெயரை மட்டும் யான் ஏற்கவில்லை. மலர் என்னுஞ் சொல் அவ்விடத்தில் அமைதற்கு என் செவி இசையவில்லை. 'விரிகுண்டு' என மாற்றினோம்.